தண்ணீர் ஊற்றிய வரிசை

யுத்தத்தால் எங்கள் தீவுக்கு அரிசிக் கப்பல் வராமல் நின்ற காலம். கான் தெ மாஸ்க் கிராமத்தில் என்னுடைய கல் நிறைந்த நிலத்தில், வறட்சி தாங்கும் மக்காச்சோள விதையைத் தேர்ந்தெடுக்க விவசாய இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். 'மிஸ்யே' என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். ஒல்லியான உடம்பு, வெயிலில் வெளுத்த தொப்பி. விடிந்ததும் சைக்கிளில் வந்து, ஒவ்வொரு செடியின் இலையையும் விரலால் நீவிப் பார்ப்பது அவர் வழக்கம்.

ஒருநாள் மத்தியானம் இலைகளெல்லாம் சுருண்டு நின்றன. அதைப் பார்த்துவிட்டு நான் எப்படி நிம்மதியாகச் சாமி கும்பிடுவது? கைக்கெட்டிய ஒரு வரிசைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் ஈரமண்ணைக் கண்டார்.

"யாரு ஊத்தினது?"

"நான்தான், மிஸ்யே. பாவமா இருந்துச்சு. முருகன் மன்னிப்பாரு."

"அவரு மன்னிப்பாரு. நான் இதுல எப்படி விதை எடுக்கிறது? எது தானா பொழைக்கும்னு இனிமே தெரியாதே!" என்று சிரித்துவிட்டு, அடுத்த வரிசையைக் காட்டினார். "நேத்து சுருண்டது, இப்ப விரிஞ்சிருக்கு பாருங்க. இது சாகலை அண்ணே, வெயிலுக்குக் கண்ணை மூடிக்கிட்டு இருந்துச்சு."

நான் ஊற்றிய வரிசையை மாட்டுக்கு அறுத்துப் போடச் சொன்னார். மற்ற வரிசைகளில் பொறுக்கிய விதையில் எனக்கும் கொஞ்சம் தந்தார். அடுத்த வறட்சியில் என் பிள்ளைகள் குடித்த கஞ்சி அந்த விதையில் விளைந்ததுதான்.

அவர் கோயிலுக்குப் போவாரா என்று நான் கேட்கவில்லை. இன்றும் மத்தியானத்தில் இலை சுருண்டால் என் கை குடத்தைத் தேடுகிறது. "விடியட்டும், முருகா" என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.