கப்பல் ஏறிய பிறை

வருடத்துக்கு ஒருமுறை, எங்கள் அத்தாவின் அத்தாவுக்காக வீட்டில் பாத்திஹா ஓதி நெய்ச்சோறு கொடுப்போம். சண்டைக் காலத்தில் கல்கத்தாவில் சரக்குக் கப்பல் ஏறி, அதன் இயந்திர அடுப்புக்குக் கரி அள்ளிப்போட்டவர் அவர். கப்பலின் பெயரையும் ஏறப்போகும் பிறைத் தேதியையும் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்துவிட்டது என்ற செய்தி மட்டும் பிறகு வந்தது. எந்த நாள் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் கப்பல் ஏறிய பிறையையே மவுத்தான நாளாக வைத்துக்கொண்டார்கள்.

போன வருடம் நான் கப்பலின் பெயரைப் போட்டு அந்த நீர்மூழ்கியைப் போனில் தேடினேன். இங்கே பர்மாவில், பசுந்தாங்கில் வீட்டோடு துணி தைக்கிறவள் நான், பள்ளிக்கூடத்து ஆங்கிலம்தான். ஒரு பக்கத்தைப் படிக்க நாலு நாள் ஆனது. எங்கே கட்டினார்கள், எத்தனை முறை கடலுக்குப் போனது, எந்தப் பயணத்தில் இயந்திரம் கெட்டது, தலைவனுக்கு என்ன வயது, எல்லாம் இருந்தது. அது மூழ்கடித்த கப்பல்களின் வரிசையில் எங்கள் கப்பலும் இருந்தது, தேதியோடு. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பெயர் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் வெறும் 'இந்தியப் பணியாளர்கள்'.

தேதியைப் பிறைக்கு மாற்றிப் பார்த்தேன். கப்பல் ஏறி மூன்று மாதம் கழித்துத்தான் மூழ்கியிருக்கிறது. உயிரோடு கரி அள்ளிக்கொண்டிருந்த நாளில் அவருக்கு இத்தனை காலமாகப் பாத்திஹா ஓதியிருக்கிறோம்.

அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கியாக்டடாவில் இருக்கும் தன் கடையிலிருந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, பாத்திஹா நாள மாத்தணும்," என்று போனைக் காட்டினேன்.

"இதுல நம்மாளு பேரு எங்க இருக்கு?"

"பேரு போடல. கப்பலு இருக்கு."

"பேரே இல்லாதத நம்பி அத்தா செஞ்சத மாத்தவா? அவங்க என்ன முட்டாளா?"

அடுப்படியிலிருந்து அண்ணன் மனைவி சிரித்தார். "நம்ம சொன்னா இந்தப் புள்ள கேக்காது. ஜெர்மன்காரன் சொன்னாத்தான் கேக்கும். யாபாடே, யாபாடே!" பரவாயில்லை விடு என்று பர்மியில் சொல்வது அது.

கொன்ற நீர்மூழ்கியின் கதையில் கரி அள்ளியவர் பெயரை யார் போடுவார்கள்? "சரி காக்கா" என்றேன். பழைய பிறையிலேயே நெய்ச்சோறு ஆனது. வெங்காயம் முழுவதும் நான்தான் நறுக்கினேன்.

மூன்று மாதம் கழித்து, உண்மையான நாளில், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்காக யாசீன் ஓத உட்கார்ந்தேன். பாதியில் கரண்ட் வந்தது. அது இருக்கும்போதே தொட்டிக்கு ஏற்றாவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

"புள்ள, மோட்டரப் போடு, சீக்கிரம்!" என்று அண்ணன் மனைவி கத்தினார்.

ஓதுகிறேன் என்றால் யாருக்கு என்று கேட்பார். எழுந்து போய்ப் போட்டேன்.