விமானிகள் புத்தகத்தில் நான் ‘சரி’ சொன்ன எண்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் சில சமயம் மறந்துபோகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். பைண்டிங் வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு உதவும் என்று எங்கள் பிரஸ்ஸில் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தாயில்பட்டி. ஊரில் பாதிப் பேர் பட்டாசு வேலைக்குத்தான் போவார்கள். எனக்கு மருந்து வாடை ஒத்துக்கொள்ளாததால் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸுக்குப் போனேன். அச்சான பெரிய தாளைப் பக்கங்களாக மடிப்பதும், மடித்த கட்டுகளை, அதாவது ஃபாரங்களை, வரிசையாக அடுக்குவதும் வேலை. ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் சின்னதாக ஒரு கறுப்புக் கட்டம் அடித்திருக்கும். ஒழுங்காக அடுக்கினால் அந்தக் கட்டங்கள் படி மாதிரி இறங்கும். ஒரு படி தப்பினால் ஃபாரம் மாறிவிட்டது என்று அர்த்தம். எழுத்தைப் படிக்கவே வேண்டாம்.

சில வருஷத்துக்கு முன்னால், விமானம் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் புத்தகம் போட வந்தார். அவரைக் கேப்டன் ஐயா என்போம். வழி காட்டும் கம்ப்யூட்டரில் எண்களைத் தட்டும்போது விமானிகள் என்னென்ன தப்பு செய்கிறார்கள் என்பதுதான் புத்தகமே. விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்காக எழுதியது.

எனக்கு ஒரே யோசனை. மேலே ரோடு இல்லை, ஊர்ப் பெயர்ப் பலகை இல்லை, எதை வைத்துப் போகிறார்கள்? கேட்க வெட்கமாக இருந்தது. மூன்று நாள் கழித்து அவருக்கு டீ கொடுக்கும்போது எப்படியோ கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கையால் எழுதிய ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

“இந்த எண்தாம்மா ரோடு” என்றார்.

உலகத்துக்கே நெடுக்கும் குறுக்கும் கோடு கிழித்து எண் கொடுத்திருக்கிறார்களாம். கடல் மேலே எந்தெந்தப் புள்ளி வழியாகப் போக வேண்டும் என்று கிளம்பும் முன்பே தட்டிவிடுவார்களாம். மேற்கே ஆப்பிரிக்காவுக்குப் போகிற ஒரு வழியைக் காட்டினார். எழுபத்திரண்டு, எழுபது, அறுபத்தெட்டு, அறுபத்தாறு என்று இறங்கிக்கொண்டே போனது. மேற்கே போகப் போக அந்த எண் குறையுமாம். தப்பாகத் தட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டருக்கு நம்ம மனசு தெரியாதும்மா. தட்டின இடத்துக்குக் கூட்டிட்டுப் போகும்.”

புரூஃப் பார்க்கிற பெண் அப்போது பிரசவத்துக்குப் போயிருந்தாள். புத்தகத்தை டைப் அடித்த செல்வி என்ற பெண்ணையும் என்னையும் புரூஃப் பார்க்க உட்காரச் சொன்னார் மேனேஜர். செல்வி சேர்ந்து இரண்டு மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அவள் புருஷனுக்குப் பட்டாசுக் கம்பெனியில் கை வெந்துபோய், இவள் சம்பளத்தில்தான் வீடே ஓடியது.

செல்வி புரூஃபைப் பார்த்து வாசிப்பாள். நான் கேப்டன் ஐயாவின் கையெழுத்துத் தாளைப் பார்த்து ‘சரி’ சொல்ல வேண்டும். முதல் பக்கங்களை நன்றாகத்தான் பார்த்தோம். கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது, எங்களை ஊரில் கொண்டுவிடும் பிரஸ் வேன் ஹாரன் அடித்தது. அதை விட்டால் பஸ்ஸில் போய் மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு நடக்க வேண்டும். அவள் வாசிக்க வாசிக்க நான் சரி, சரி என்றேன். கண் இரண்டு வரி பின்னால் கிடக்க, வாய் முன்னால் ஓடிவிட்டது.

அச்சாகி மடிப்புக்கு வந்தது. அந்தப் பட்டியல் இருந்த தாளை மடிக்கும்போது கண் தானாக மேலிருந்து கீழே இறங்கியது. எழுபத்திரண்டு, எழுபது, எண்பத்தாறு, அறுபத்தாறு. ஒரு படி மேலே ஏறி நின்றது. கேப்டன் ஐயாவின் தாளை எடுத்துப் பார்த்தேன், அதில் அறுபத்தெட்டு.

செல்வியைத் தனியே கூப்பிட்டுக் காட்டினேன்.

“பெரியம்மா, இம்புட்டு எண்ணுல இத யாரு பாக்கப் போறாக? சொன்னா என்னய நிப்பாட்டிருவாக.”

அவள் சொன்னது நிஜம். அந்த எண்ணைத் தட்டிப் பழகப்போகிற பிள்ளைகளையும் நினைத்தேன், இவள் வீட்டு உலையையும் நினைத்தேன். சாயங்காலம் கேப்டன் ஐயா வந்திருந்தபோது, தாளை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போனேன்.

மேனேஜர் தாளைப் பார்த்தார். “டைப் அடிச்சது அந்தப் புதுப் பிள்ளதான?” என்றார்.

“சரி சொன்னது நானு” என்றேன். “அவ ஒழுங்காத்தான் வாசிச்சா. நான் பாக்காமச் சொல்லிட்டேன்.”

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேப்டன் ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். தாளை வாங்கிப் பார்த்தார்.

“நானும் இப்படித்தாம்மா. கிளம்புற அவசரம். பக்கத்துல இருந்தவர் வாசிச்சார், நான் பாக்காமலே சரின்னேன். கடலுக்குப் போனதும் விமானம் தானாத் திரும்புச்சு. எங்க போறீங்கன்னு கீழேருந்து ரேடியோவுல கேட்ட பிறகுதான் எனக்கே தெரிஞ்சது.”

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். அதை இந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்களா என்று மேனேஜர் கேட்டார். எழுதியிருக்கிறேன், பெயரைத்தான் போடவில்லை என்றார்.

திருத்தச் சீட்டு ஒட்டிவிடலாம் என்றார் மேனேஜர். ஒட்டினால் உதிர்ந்துவிடும், அந்த ஃபாரத்தை மறுபடி அடியுங்கள் என்று கேப்டன் ஐயா சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளையையும் நிறுத்த வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து மடித்துக் கொடுத்தோம். செல்வி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் கோபத்தில் குற்றமில்லை. என்னைக் கேட்டுவிட்டா போனீர்கள் என்பது அவள் கேள்வி.

கேப்டன் ஐயா எங்கள் இருவருக்கும் சரிபார்க்க ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஒருத்தி எண்ணை வாசித்தால் மற்றவள் ‘சரி’ சொல்லக் கூடாது. தன் தாளில் இருக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘சரி’ என்று சொல்லக் கண் வேண்டாம். எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் பார்த்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு நானும் செல்வியும் அப்படித்தான் பார்த்தோம். வேன் இரண்டு தடவை எங்களை விட்டுவிட்டுப் போனது.

நான் கற்றது இவ்வளவுதான். இந்தக் குறிப்பில் விமானத்தைப் பற்றியும் கோட்டு எண்களைப் பற்றியும் நான் எழுதியதெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதியது. தெரிந்தவர்கள் யாராவது தயவுசெய்து சரிபார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் சரி என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். நீங்கள் பார்த்த எண் எதுவோ, அதை எழுதி அனுப்புங்கள்.