கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் ஊர் ஹாரன்

எங்கள் ஊர் பஸ் ஹாரனை இரவல் வாங்கிப் போனவர்கள் அதைத் திருப்பித் தரவில்லை. போதாததற்கு ஊமையாக்கியும் வைத்திருக்கிறார்கள். இந்த 1974 ஐப்பசியில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அந்த எர்ணாகுளம் மியூசியத்துக்குப் போக நினைக்கும் நம் பக்கத்துக்காரர்கள் முழுவதும் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஊர் பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, வடகரப்பதிக்குப் போகும் வழியில். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து எங்கள் பக்கம் ஓடிய பஸ் ஓய்ந்தபோது, அதன் முதலாளி பித்தளை ஹாரனைக் கழற்றி ஊருக்குக் கொடுத்தார். வாய்க்கால் தண்ணீர் ஒருவர் வயலிலிருந்து அடுத்தவர் வயலுக்கு மாறும் நேரத்தில் வாய்க்கால் காவல்காரர் அதன் ரப்பர் குமிழை அமுக்குவார். சத்தம் கேட்டால் மடையை அடைத்துவிட வேண்டும். அதில் பேச்சே கிடையாது.

சென்ற வருடம் எர்ணாகுளத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பஸ், வண்டிகளின் வரலாற்றைக் காட்டப் போகிறோம், ஹாரனைக் கொடுங்கள் என்றார்கள். எங்களிடையே அண்டா, பந்தல் கால், குத்துவிளக்கு எல்லாம் கோயில் நோம்பிக்கு ஊர் விட்டு ஊர் போகும். நோம்பி முடிந்ததும் வந்துவிடும். எவரும் எழுதி வாங்குவதில்லை. இதுவும் பொருட்காட்சிதானே, முடிந்ததும் வரும் என்று வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தோம்.

வரவில்லை. காவல்காரர் ஹாரனுக்குப் பதில் தகரம் தட்டினார். எதிர்க்காற்றில் அது கேட்காமல் சின்னான் மடையைத் திறந்தபடியே விட, பக்கத்து வயல்காரன் மண்வெட்டிக் காம்பால் அவன் மண்டையைப் பிளந்துவிட்டான்; தையல் போட்டுச் சின்னான் பிழைத்தான். அடுத்த வாரம் மறுபடி வாய்க்கால் திறக்கிறார்கள். அதனால்தான் நானும் என் மனைவியின் தம்பி பழனிச்சாமியும் கிளம்பினோம்.

விடிகாலை ஐந்தரைக்கு ஊரில் பஸ். சித்தூரில் மாறி, பாலக்காட்டில் ஏழரைக்கு எர்ணாகுளம் பஸ் ஏறினோம். ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். குதிரான் மேட்டில் வண்டி கொதித்து அரை மணி நின்றது. டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எங்கே போகிறோம் என்று கேட்டார். பழைய பஸ் பார்க்க என்றேன். "அதுக்கு எதுக்கு எர்ணாகுளம்? இந்தா, இது போராதா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

மியூசியத்தைக் கண்டதும் முதல் அதிர்ச்சி. பந்தல் இல்லை, கீற்றுக் கொட்டகை இல்லை. மாடி வைத்த சிமென்ட் கட்டிடம்.

"இது பிரிக்கிற கொட்டாயாட்டம் தெரியலீங்களே, மச்சான்" என்றான் பழனிச்சாமி.

நுழைவுச் சீட்டு இருபத்தைந்து பைசா. உள்ளே தபால் சுமந்த மாட்டு வண்டி, பறம்பிக்குளத்துத் தேக்கை இறக்கிய காட்டு டிராமின் தண்டவாளத் துண்டு, பின்னால் கரி அடுப்பு வைத்த பஸ். நல்ல பொருள்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். கடைசி அறையில் எங்கள் ஹாரன். கண்ணாடிப் பெட்டி, பூட்டு. அட்டையில் "முப்பது ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாதது" என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. நான் தமிழும் மலையாளமும் கடைப்பலகை பார்த்துக் கற்றவன். சரியாகத்தான் படித்தேன். பின்பக்கம் பார்த்தேன். ரப்பர் குமிழ் இல்லை! பித்தளை வாய் மட்டும் பளபளவென்று பிளந்து கிடந்தது.

அதிகாரியைக் கூப்பிட்டோம். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், மரியாதையான மனுஷர்.

"ஏனுங்க, ரப்பரு எங்கீங்க?"

"அது புதுசாக்கும். பழய சாமான்தான் இங்கே வைக்கலாம். அதனாலே எடுத்துட்டோம்."

"அமுக்கி அமுக்கித் தேஞ்சு, மூணு வாட்டி மாத்துனமுங்க. அதான் புதுசு. முப்பது வருசமாச் சும்மாக் கெடந்துச்சுன்னு எழுதிப் போட்டிருக்கறீங்களே!"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க கோவிச்சுக்கப்படாது. இது இப்போ சர்க்கார் சொத்தாக்கும். மேலேயிருந்து உத்தரவு வந்தா அடுத்த நிமிஷம் தரேன்."

"அடுத்த வாரம் தண்ணி உடறாங்க. உத்தரவு அதுக்குள்ள வருமுங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

வாசலுக்கு வந்து நின்றோம். அப்போது பாம் பாம் என்று ஒரு சத்தம். மியூசியக் காவலாளி சைக்கிளில் வந்து இறங்கினார். சின்ன ஹாரன், அதற்குப் பொருந்தாத பெரிய குமிழ். அதில் லாரி டியூப் ஒட்டு. பழனிச்சாமி போட்ட ஒட்டு!

"ஏனுங்ணா, எங்கூர்த் தண்ணிய நீங்க சைக்கிள்ல கட்டி ஓட்டறீங்க" என்றான் அவன்.

காவலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. "குப்பையில கெடந்ததாணு" என்று சொல்லி அவரே கழற்றிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. மத்தியானம் ஒன்று முதல் இரண்டு வரை பூட்டு. கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். ஊர்ச் சாமான் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

இனி நடக்க வேண்டியவை. மேலே இருக்கிற அதிகாரி, வாய்க்கால் திறப்பதற்குள் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டும். கல்பாத்திக்காரர் சொன்ன சொல்படி அடுத்த நிமிஷமே பெட்டியைத் திறக்க வேண்டும். அந்த அட்டையை எழுதியவர் அதைத் தன் கையாலேயே கிழிக்க வேண்டும். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் சாக்குச் சொல்லாமல் ஜீப்பில் போய்ப் பித்தளையை எடுத்துவர வேண்டும். அதுவரை சின்னானும் பக்கத்து வயல்காரனும் ஒரே வரப்பில் உட்கார்ந்து தகரத்துக்குக் காது கொடுக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு அங்கே போகிறவர்கள் கடைசி அறையில் நின்று, இது எப்போது ஊர் திரும்புகிறது என்று உரக்கக் கேட்க வேண்டும். பித்தளை வந்த அன்று ரப்பரை மாட்ட வேண்டியவன் நான்.