ஞானதாஸ் முதலில் சாடிய இடங்கள்

கறுப்புக் கண்ணாடி அணிந்த படமே பதாகையில் இடம்பெற வேண்டும் என்ற முடிவு, கொட்டாரத்தில் ஓர் அச்சகத்தில், நெடிய ஆலோசனைக்குப் பிறகு எடுக்கப்பட்டது. என் சம்மதத்தையும் பெறுவதற்காக ஒளிப்பதிவாளர் தொலைபேசியில் அழைத்தார்.

“சாரே, கண்ணாடி போட்டதா, போடாததா?”

“யாருக்கு?”

“நம்ம ஞானதாஸ் அண்ணனுக்குத்தான். விடியதுக்கு முன்ன தூக்கத்துலயே போயிட்டாரு.”

இயக்குநர் ஞானதாஸ் இறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. கண்ணாடி போடாத படங்கள் எல்லாவற்றிலும் அவர் உதட்டில் ரத்தம் வழிந்துகொண்டிருந்ததால், முடிவு சரியானதே.

சென்னையில் அவர் நடிகராக இருந்த காலத்தை உங்களில் பலர் அறிவீர்கள். கதாநாயகனின் வீட்டுக்கு மூன்று அடியாட்கள் வருவார்கள். நடுவில் நிற்பவன் முதலில் அடிவாங்குவான். அவர்தான் இவர். ஊரில் புதுப்படம் வந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் பெண்கள் அவர் மனைவி லீலாபாய் அக்காவிடம் கேட்பார்கள்: “அண்ணன் எப்ப சாவாரு?” அக்கா சொல்வார்: “இடைவேளைக்கு முன்ன. பொறவு நீங்க நிம்மதியாப் பாக்கலாம்.”

அக்காவின் நிம்மதி ஒரு மதிலோடு முடிந்தது. ஒரு படத்தில், மதில் மேலிருந்து மணல் குவியலில் விழச் சொன்னார்கள். மணலுக்குள் கல் கிடந்தது. முதுகு தேறியதும் ஞானதாஸ் ஊருக்கு வந்து தாமே சண்டைப் படங்கள் எடுக்கத் தொடங்கினார். கல்குவாரி, வாழைத்தோட்டம், மீன்பிடித் துறைமுகம் ஆகியவையே அவருடைய அரங்குகள். கூட்டுறவு அலுவலகத்தில் ஓய்வுபெற்று அடுத்த வீட்டில் சும்மா இருந்த நான் அவருக்கு வசனகர்த்தா ஆனேன்.

அவர் படப்பிடிப்பில் ஒரே ஒரு சட்டம் உண்டு. “நான் சாடாத எடத்துல ஒருத்தனும் சாடப்படாது.” சாடுவது என்றால் எங்கள் ஊரில் குதிப்பது. லாரியிலிருந்து குதிக்க வேண்டுமா, முதலில் அவர் குதிப்பார். குவாரிச் சரிவில் உருள வேண்டுமா, முதலில் அவர் உருள்வார். எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, “கல்லு இல்ல, வா மக்கா” என்பார். அதன் பிறகுதான் கேமரா ஓடும்.

நெஞ்சுவலி வந்து, உயரம் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகும் சட்டம் மாறவில்லை. போனது எனக்கும் அக்காவுக்கும் உறக்கம்தான். படப்பிடிப்பு நாட்களில் அக்கா என்னை அழைப்பார்.

“சாரே, அங்க மாடி உண்டுமா?”

“இல்லக்கா.”

“மரம்?”

“வாழதான்.”

“வாழையில அவிய ஏற மாட்டாவ. சரி, வைங்க.”

நான் கதையைத் தாழ்த்திக்கொண்டே வந்தேன். மலையுச்சிச் சண்டையைப் பேருந்து நிலையத்துக்கு இறக்கினேன். வில்லனைப் பாலத்தின் மேலிருந்து பாலத்தின் அடிக்குக் கொண்டுவந்தேன். கடைசிப் படத்தின் பிரதியைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: “சாரே, ஒருத்தன் காலும் தரைய விட்டு எழும்பலியே. இது சண்டப் படமா, பஞ்சாயத்துக் கூட்டமா?” பேனாவை வாங்கி, இறுதிக் காட்சியில் அவரே எழுதினார்: படகின் கூரையிலிருந்து கதாநாயகன் தலைகீழாகக் கடலில் பாய்கிறான்.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காட்சிக்கு முந்தைய வாரம் அவர் தம் கட்டிலிலேயே இறந்தார்.

படத்தை முடிப்பதுதான் மரியாதை என்று எல்லோரும் சொன்னார்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் படகு நின்றது. கதாநாயகன் ஜெபின் கூரையில் ஏறிவிட்டான். துபாயில் வெல்டிங் வேலையை விட்டுவிட்டு நடிக்க வந்தவன். போன மாதம்தான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

“சாடிரட்டா?” என்றான்.

அப்போது என் தொலைபேசி அடித்தது.

“சாரே,” என்றார் லீலாபாய் அக்கா. “அங்க இன்னைக்கு யாரு மொதல்ல சாடுதா?”

படகுக்காரரிடம் ஆழம் கேட்டேன். “நேத்து நல்ல ஆழம் கெடந்து. மணலு எடம் மாறும், ஆருக்குத் தெரியும்?” என்றார்.

“சாரே, நான் கடியப்பட்டணத்துக்காரன். கடலு எனக்குத் தெரியாதா?” என்று மேலிருந்து ஜெபின் கத்தினான்.

“நீ துபாய்ல வெல்டிங்குதானல பாத்த, கப்பலா ஓட்டுன?” என்றார் ஒளிப்பதிவாளர். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் இயக்குநரின் நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அவருடைய கறுப்புக் கண்ணாடி எனக்கு வேண்டாம், சுவரொட்டிகளும் வேண்டாம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சட்டம் மட்டும்தான். அக்காவிடம் என் பெயரைச் சொல்லிவிட்டு, தொலைபேசியை ஒளிப்பதிவாளரிடம் கொடுத்தேன். ஜெபினைக் கீழே இறங்கச் சொன்னேன். தலைகீழாகப் பாயும் தைரியம் எனக்கு இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டிக் குதித்தேன்.

தண்ணீர் இடுப்பளவு இருந்தது. என் இடது கணுக்கால் முறிந்தது. இறுதிக் காட்சியில் ஜெபின் இப்போது படகின் மேல் நின்று பேசுகிறான்.