கூட வந்தவன்

சிறைக்குள் வருவதற்கு முன் சுருட்டை பெயிண்டராக இருந்தான். கூட்டாளி ஒருவன் பழக்கிவிட்ட போதை ஊசி வேலையைக் கெடுத்தது. கடைசியில் திருட்டு வழக்கில் உள்ளே தள்ளியது. உள்ளேயும் ஊசி கிடைத்தது, ஒன்றே ஒன்று. அதைத்தான் அறையில் இருந்த நாலு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

காய்ச்சல் விடாமல் அடித்தபோது சிறை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இருந்தது. நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்.

"செத்துருவேனாக்கா?"

"மாத்திரையை விடாம போட்டா நல்லா இருக்கலாம்ப்பா. கிழவனாகி இதே வாயால என்னைத் திட்டுவ பாரு."

"மத்தவங்களுக்கும் இருக்குமா?"

"இருக்கலாம். டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். உன் பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மற்ற மூவரும் அதே ஊசியை எடுப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அறையில் அவன் அதிகம் பயந்தது தடியனுக்கு. வாயை விடக் கை முந்தும் ஆள். குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றான்.

"அண்ணே, எனக்கு எச்.ஐ.வி. இருக்காம். ஒரே ஊசிதானே போட்டோம். நீங்களும் பாத்துருங்க."

பளாரென்று ஒரு அறை. சுருட்டையின் உதடு கிழிந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தான். "கிட்ட வராதீங்கண்ணே, ரத்தம் வருது."

மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றது. தடியன் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். கேட்டான்: "போன வருசம் ஜாமீன்ல வீட்டுக்குப் போயிருந்தேன்டா. என் பொண்டாட்டிக்கும் இருக்குமா?"

"தெரியலண்ணே. மொதல்ல நீங்க பாருங்க. வாங்க, நான் கூட வரேன்."

தடியனுக்கு இருந்தது. வெளியே டெஸ்ட் எடுத்த அவன் மனைவிக்கு இல்லை என்று தெரிந்த அன்று அந்த முரடன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதான். மற்ற இருவரும் தாங்களாகவே நர்ஸிடம் போனார்கள். ஊசிப் பழக்கத்தை விடுவதற்கும் அவரே மருந்துக்கு ஏற்பாடு செய்தார். அதன் பிறகு தினமும் விடிந்ததும் தடியனின் குரல் கேட்கும்: "டேய் சுருட்டை, முழுங்குனியா?"

விடுதலையானதும் சுருட்டை தன் கூடப்பிறந்த அக்கா வீட்டு வாசலில் நின்றே எல்லாவற்றையும் கொட்டினான். அக்கா கடைசிவரை கேட்டாள்.

"சொல்லி முடிச்சிட்டியா? உள்ள வா, சாப்பாடு ஆறுது."

இப்போது மறுபடி பெயிண்ட் வேலைக்குப் போகிறான். சிறையில் தடியனை மனு போட்டுப் பார்க்கும் நாளில் மட்டும் லீவு. தடியனின் மனைவிக்குத் தனியாகப் போகப் பயம்; இவன்தான் பஸ்ஸில் கூட்டிப்போகிறான். புருஷனோடு ஒரே ஊசியைப் போட்ட இவன் மேல் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வாள், பேச மாட்டாள். டிக்கெட்டை மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்தே எடுத்துவிடுவாள்.