குளிர வைத்த டாக்டரம்மா

சீட்டியடிக்கும் டாக்டரை நான் தென்காசியில்தான் பார்த்தேன். குள்ளமான பெண்மணி, தொளதொள வெள்ளைக் கோட்டு. குழந்தைகளைப் பரிசோதிக்கும்போதும் உதட்டில் ஏதாவது பாட்டு.

என் மகள் பிறந்ததும் அழவில்லை. மூச்சு வரத் தாமதமானதால் மூளை கெடாமலிருக்க, அவளை டாக்டர் குளிரூட்டும் மெத்தையில் கிடத்தினார்.

"வெளிய குற்றாலச் சாரல் நடுக்குது. பச்சப்புள்ளையப் போயி குளிர வைக்கியளே, டாக்டரம்மா!" என்று பதறினேன்.

"கரடி குளிர்காலம் பூரா தூங்குதுல்லா, அண்ணாச்சி? அதோட மூளையே உடம்புச் சூட்டக் கொறச்சு, சக்திச் செலவச் சுருக்கிருது. நம்ம மூளையிலயும் அப்படியொரு சுவிட்ச் இருக்கான்னு ஆராய்ச்சிக்காரங்க தேடுதாவ. அது கெடைக்க வரைக்கும் நாமதான் வெளிய இருந்து குளிர வச்சு மூளையக் காப்பாத்தணும்."

சில நாள் கழித்து மெல்லச் சூடேற்றினார்கள். மகள் கண் விழித்து, வார்டே அதிர வீறிட்டாள்.

"புள்ள நல்லாருக்கா! பால் குடுக்கலாம்!" என்று கூவிய டாக்டர், வராந்தாவில் ஆடவே தொடங்கிவிட்டார். நானும் ஆடினேன். ஒருநாளும் சிரித்திராத என் மாமனார் தோள்துண்டை எடுத்துச் சுழற்றினார்.

ஒரு டாக்டர் இப்படி ஆடலாமா என்று இன்றும் யோசிப்பதுண்டு. யோசிக்கும்போதே என் கால் தாளம் போடத் தொடங்கிவிடுகிறது.