மலையில் யார் எதைத் தின்றார்கள்

இலங்கை மலையகத்தில், டயகம பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதே தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், லயத்தில்தான் பிறந்தேன். இன்றும் அங்கேதான், அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். அண்ணி கொழுந்து பறிக்கிறார். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, லயத்துக்குப் பின்னால் காட்டை ஒட்டிய சரிவில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் போட்டிருந்தார்.

நாடே டீசலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடம் அது. உரம் இல்லாமல் தேயிலை மஞ்சளித்தது. கொழுந்து குறைய, வேலை கிடைக்கும் நாட்களும் குறைந்தன. லயத்தில் பல வீடுகளில் காலை அடுப்பு பாலில்லாத வெறும் சாயத் தண்ணியோடு அணைந்துவிடும். முதல் பாடவேளையிலேயே பிள்ளைகள் மேசையில் தலை சாய்த்தார்கள். நான் எழுப்பவில்லை.

அந்த மாதங்களில்தான் உணவு வலைப் பாடம் வந்தது. புத்தகத்தில் புல்வெளி, குளம், கடல் என்று படங்கள். கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசி, அதைத் தின்னும் சின்ன உயிர், அதைத் தின்னும் மீன். ஒரு படிக்கு வந்த சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும், மீதி மூச்சாகவும் சூடாகவும் கழிந்துவிடும், அதனால்தான் மேலே போகப் போக உயிர்கள் குறைவு என்று விளக்கினேன். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி கேட்டாள்.

"டீச்சர், நம்ம தேயிலைய யாரு திங்கிறாங்க?"

"கொஞ்சம் புழு திங்குது. மத்ததெல்லாம் லொறியில போயிருது."

மேலேயிருக்கும் துண்டுக் காட்டில் சருகு மக்கினால் அதைப் புழு தின்னும், புழுவைப் பன்றி கிளறும், பன்றிக்குட்டியைச் சிறுத்தை பிடிக்கும். கீழே இத்தனை மலைகளில் விழும் வெயிலைத் தேயிலைதான் வாங்குகிறது. அதில் எங்கள் வயிற்றுக்கு நேராக வருவது ஒன்றுமில்லை. அன்று அதைப் பிள்ளைகளிடம் சொல்லத் தோன்றவில்லை. மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டேன்.

லயத்து நாய்கள் எங்கள் மிச்சச் சோற்றில் வளர்ந்தவை. மிச்சம் என்று ஒன்று இல்லாமல் போனதும் எலி தேடிக் காட்டோரம் அலைய ஆரம்பித்தன. ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எங்கள் வீட்டுக் கறுப்பு நாயும் ஒருநாள் திரும்பவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஈர மண்ணில் புலியின் காலடி பதிந்திருந்தது. சிறுத்தையை எங்கள் ஊரில் புலி என்றுதான் சொல்வோம்.

அதே நாட்களில் காட்டுப்பன்றிகளும் இறங்கின. ஒரு விடியலில் அண்ணனின் கிழங்குப் பாத்தி முழுவதும் உழுததுபோல் கிடந்தது. அவர், பன்றி கடித்துப் போட்ட அரைக் கிழங்குகளை வாளியில் பொறுக்கினார். அண்ணி பல் பட்ட இடத்தைச் சீவிவிட்டு அவற்றை அவித்தார். அதைத்தான் சாப்பிட்டோம்.

மறுநாள் அண்ணன் எங்கிருந்தோ பழைய மோட்டார் சைக்கிள் கிளச் வயர் கொண்டுவந்து சுருக்கு முடிந்தார்.

"அண்ணே, அதுல பன்னி மட்டுந்தான் மாட்டும்னு இல்ல. புலி நடமாடுது."

"புலி மேல் வழியா போகும் தங்கச்சி. இது பன்னி வர்ற வழி." முடிச்சை இழுத்துப் பார்த்தார். "வேற என்ன செய்யச் சொல்ற?"



முதலில் பன்றிதான் மாட்டியது. லயம் முழுவதற்கும் பங்கு போனது. பல மாதங்களுக்குப் பிறகு எல்லா வீட்டிலிருந்தும் கறி வாசம் வந்தது. நானும் வயிறாரச் சாப்பிட்டேன். அது ருசியாக இருந்தது.

பிறகு ஒரு காலையில், வேலைக்குப் போன அண்ணி பாதி வழியில் திரும்பி ஓடிவந்தார். "ஒங்க அண்ணன் கம்பியில புலி மாட்டிருச்சு."

போய்ப் பார்த்தேன். வயர் அதன் இடுப்பை இறுக்கியிருந்தது. சுற்றிலும் மண்ணைப் பிறாண்டி, எட்டிய தேயிலைச் செடிகளின் பட்டையை உரித்திருந்தது. நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உடம்பு. விலா எலும்புகள் தெரிந்தன. வனஜீவராசி அதிகாரிகள் இருவர் வந்து ஆட்களைப் பின்னால் தள்ளினார்கள். மயக்க ஊசி போட மிருக வைத்தியர் வரவேண்டும், அவருடைய வாகனத்துக்கு டீசல் தேடுகிறார்கள் என்றார்கள். சிலர் போனில் படம் பிடித்தார்கள். உறுமல் குறைந்து வெறும் மூச்சானது. மத்தியானம் பனிமூட்டம் இறங்கியபோது அந்த மூச்சும் நின்றது. இளைய அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மூத்தவர் கூட்டத்தைப் பார்த்து, கம்பி யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற அண்ணன், "மகே" என்றார். என்னுடையது என்று அர்த்தம். அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவரைப் பற்றி விசாரிக்க வனஜீவராசி அலுவலகத்துக்குப் போனபோது அந்த இளைய அதிகாரியைச் சந்தித்தேன். சிறுத்தையின் வயிற்றை அறுத்துப் பார்த்ததில் நாய் முடிதான் இருந்ததாம். எங்கள் பானை வற்றியதால் நாய் காட்டுக்குப் போனது. நாயைத் தேடி அது லயத்தோரம் வந்தது. வந்த வழியில் எங்கள் கம்பி இருந்தது.

அண்ணன் விளக்கமறியல் சிறையில் இருந்தபோதே தொழிற்சாலை வேலை போய்விட்டது. பன்றிகள் இன்னும் துணிந்தன. ஒரு சிறுத்தை செத்ததால்தான் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் வெளிச்சத்திலேயே குட்டிகளோடு வந்தன. ஒரு மாலை போஞ்சியைக் காப்பாற்றப் போன அண்ணியின் தொடையைக் கிழித்தது ஒன்று. நுவரெலியாவில் தையல் போட்டார்கள். காயம் ஆறியது, கால் மட்டும் முழுதாக நேராகவில்லை. உயரத்து மலைக்கு இப்போது அவரால் கொழுந்துக்குப் போக முடியாது.

விடுதலையாகி வந்த அண்ணன் கிழங்குப் பாத்தியின் வேலியைப் பிடுங்கி விறகாக்கினார். பிறகு கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனார். இன்னமும் அங்கேதான்.

போன தீபாவளிக்கு வந்தார். பையை இறக்கி வைக்காமலே அண்ணியின் காலைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"ஏறுறப்ப மட்டும்."

எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்கும் ஏறத்தான் வேண்டும், கடைக்கும் ஏறத்தான் வேண்டும். அது அண்ணனுக்கும் தெரியும். உள்ளே போய், காலில் தேய்க்க எண்ணெய்ப் போத்தலைத் தேடி எடுத்துவந்தார்.